உளி எட்டாத பெயர்

கூட்டாக எழுதப்படும் இணையக் கலைக்களஞ்சியத்தில், இன்னும் கட்டுரை இல்லாத பெயர் சிவப்பாகத் தெரியும். எகிப்திய மன்னன் ஒருவனின் பக்கத்தில் ஒரு ராணியின் பெயர் அப்படிச் சிவந்து கிடந்தது. கோயில் சுவர்களிலிருந்து அவள் பெயரைக் கொத்தி எடுக்கச் சொன்னவனே அவன்தான். ஜெசிந்தா சான்றுகளோடு ராணியைப் பற்றித் தமிழில் எழுதிச் சேமித்தாள். மன்னனின் பக்கத்திலேயே அந்தப் பெயர் நீலமானது. மறுநாள், முகமறியாத யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் அந்தச் சுவரின் படத்தைச் சேர்த்திருந்தார். படத்தில் வெறும் உளித்தடம். அதன் கீழே ராணியின் பெயர், தமிழில்.

"எவனாவது வந்து அழிச்சிட்டா?" என்றான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவன்.

"அழிச்சாலும் பழைய பதிப்பு உள்ளேயே இருக்கும். ஒரு தட்டு தட்டினா திரும்ப வந்துடும்." ஜெசிந்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இப்ப வரச் சொல்லுங்க அந்த ராஜாவ, உளியோட."