பெஞ்சோடு வரும் பெண்

"பெட்டியைப் பிரிக்காதீங்க தம்பி. ஓடுறப்ப மறுபடி கட்டுற வேலை மிச்சம்" என்றார் விடுதிக்காரர் லூடர்.

டெட்லெஃப் பெட்டியிலிருந்து கையை எடுத்தான். "நான் எதுக்கு ஓடணும்? தேவாலயத்துல ஆர்கன் வாசிக்கிற வேலைக்கு வந்திருக்கேன்."

"வந்தவன் எல்லாம் அதுக்குத்தான் வந்தான். பெரியவர் ஹின்ரிக் இடத்துக்கு வர்றவன் அவர் மக எல்ஸபேயைக் கட்டிக்கணும். வேலை, வீடு, பொண்ணு மூணும் ஒண்ணாத்தான் வரும். அது எங்க ஊர் வழக்கம். ஹின்ரிக்கே அப்படி வந்த மாப்பிள்ளைதான்."

"பொண்ணு எப்படி?"

"முகத்துல ஒரு குறையும் இல்ல. வாயைத் திறந்தாத்தான் ஆபத்து. அவ வைக்கிற சூப்பு இருக்கே, அது அதைவிட ஆபத்து! ஹாம்பர்க்லேருந்து ஒரு சூரன் வந்தான். விரல் அப்படிப் பறக்குது! ஒரே ஒரு ராத்திரிதான் அங்கே சாப்பிட்டான். விடியறதுக்குள்ள கப்பல் ஏறிட்டான்."

டெட்லெஃப் சிரித்தான். அவனுக்குப் பயம் பெண்ணிடம் இல்லை, ஆர்கனிடம்தான். காலை ஆராதனையில் பெரியவரின் புதிய இசையைக் கேட்டிருந்தான். ஒரு குரல் முன்னே ஓட, இன்னொன்று துரத்த, மூன்றாவது குறுக்கே புகுந்து, கடைசியில் எல்லாம் கைகோத்துக்கொண்டு கூரையையே தூக்கின. அவன் அழுதேவிட்டான். அந்த இடத்தில் அவன் உட்காருவதா? ஏறி இறங்கிய ஊரிலெல்லாம் வேண்டாம் என்று அனுப்பப்பட்டவன் அவன். இங்கேயும் கைவிரித்துவிட்டால் குளிர்காலம் முழுக்கச் சாராயக் கடையில் குடிகாரர்கள் ஆட ஃபிடில் வாசிக்க வேண்டியதுதான்.

மதியம் ஹின்ரிக் வீட்டில் சூப்பு வந்தது. பாதிக் கடலின் உப்பு அதில் இருந்தது.

"இன்னொரு கரண்டி ஊத்தவா?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள் எல்ஸபே. "எனக்குக் கோபம் வந்தா கையில கிடைச்சதை எறிவேன். முன்னாடியே சொல்லிட்டேன்."

"ஊத்துங்க. எறியறதைவிட அது தேவலாம்" என்றான் டெட்லெஃப்.

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

மறுநாள் நகர சபைக்காரர்கள் கேட்பதற்கு முன்னால் பெரியவர் தனியாகக் கேட்பது முறை. சாப்பிட்டதும் மூவரும் ஆர்கன் இருக்கும் தேவாலய மாடத்துக்கு ஏறினார்கள். டெட்லெஃப் ஆர்கன் பெஞ்சில் உட்கார்ந்து தொடங்கினான். வலது கை முன்னே போய் இடது கைக்காகக் காத்து நின்றது. ஒரு கால் மிதிக்க வேண்டிய கட்டையை இரண்டு கால்களும் சேர்ந்து மிதித்தன. உத்தரத்தில் இருந்த புறாக்கள் பறந்தன.

அவன் கைகளை எடுத்துவிட்டான். "மன்னிச்சுக்குங்க ஐயா. பயத்துல இப்படி வாசிக்கிறேன்னு சொன்னா அது பொய். நான் எப்பவுமே இப்படித்தான்."

பெரியவர் மகளைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்றே?"

"இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லுங்கப்பா. இது தற்செயலா இருந்துடப் போகுது."

இரண்டாவது தடவை இன்னும் மோசமாக வந்தது. டெட்லெஃப் தலை குனிந்தபடி திரும்பினான். எல்ஸபேயின் முகம் பண்டிகை வீடு மாதிரி ஜொலித்துக்கொண்டிருந்தது. கேலிதான் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

இரவுச் சாப்பாட்டுக்கு மேசையில் ஆப்பிள் அடைத்துச் சுட்ட வாத்து வந்தது. மார்ட்டின் திருநாளுக்கென்று வளர்த்த வாத்து.

"அடிப் பாவி, திருநாளுக்கு இன்னும் நாள் இருக்கே!" என்றார் ஹின்ரிக்.

"திருநாள் இன்னைக்கே வந்துட்டுதுப்பா" என்றபடி அவருக்கு இறைச்சியைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி வைத்தாள். டெட்லெஃபின் தட்டில் ஒரு முழுத் தொடையே விழுந்தது. தின்னத் தின்ன அவனுக்குத் தலை சுற்றியது. அவ்வளவு ருசி!

"காலையில உங்க இசையைக் கேட்டு அழுதுட்டேன் ஐயா" என்றான் பெரியவரிடம். "அந்த மூணாவது குரல் குறுக்கே வந்து விழுந்துச்சே, அங்கதான் என்னால தாங்க முடியல."

பெரியவர் மகளை ஓரக்கண்ணால் பார்த்தார். எல்ஸபே காது வரை சிவந்துபோய் அடுப்பைக் கிளறப் போனாள்.

வாசலில் விடைபெறும்போது டெட்லெஃப் தொப்பியைத் திருகிக்கொண்டே நின்றான். "சொல்லிட்டே போறேங்க. விடியறதுக்குள்ள நான் கிளம்பிடுவேன்."

"சூப்புனாலயா?"

"சூப்பைத் தினம் குடிப்பேன். உங்களைப் பிடிச்சுப்போச்சு, அதான் சங்கடம். நாளைக்குச் சபைக்காரங்க முன்னால நான் வாசிச்சா, இப்படி ஒருத்தனுக்கா பொண்ணுன்னு ஊரே உங்களைப் பார்த்துச் சிரிக்கும்."

அவள் கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றாள்.

"நிஜமாவே என்னைப் பிடிச்சிருக்கா?"

"ஆமா."

"அப்போ நாளைக்கு என்கூட மாடத்துக்கு ஏறி வாங்க. அது போதும். கீழே இருக்கறவங்களுக்கு மேலே யார் இருக்காங்கன்னு தெரியவே தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாதுங்க. காதுக்குக் கேட்குமே!"

"நல்லாக் கேட்கட்டும். விரல் மடங்காமப் போய், அப்பா கட்டையைத் தொட்டுப் பல வருஷமாச்சு. காலையில நீங்க அழுதுக்கிட்டே கேட்டதை எழுதினதும் நான்தான், வாசிச்சதும் நான்தான்" என்றாள் எல்ஸபே. "நல்லா வாசிக்கிறவன் எவனையாவது கட்டியிருந்தா, அந்தப் பெஞ்சுல என்னை உட்கார விடுவானா?"