தண்ணீர் வந்த வழி

"டேப்பைத் திறந்து போட்டுட்டு டியூட்டிக்குப் போற பொம்பளைக்கு என் வீட்டுல இடமில்ல. சாமானைத் தூக்கிட்டுப் போயிட்டே இரு."

மருதப்பன் போட்ட சத்தம் பஃபலோ ரோடு முழுக்கக் கேட்டது. அவருடைய புடவைக் கடைக்கு முன்னால், ஐந்தடி நடைபாதையில், முத்தாயியின் டிரங்குப் பெட்டியும் பாயும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் கிடந்தன. பக்கத்தில் தீபாவளிச் சரக்கு, சாயம் இறங்கி ஈரமாய்க் குவிந்து கிடந்தது.

ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடித்து அப்போதுதான் திரும்பியிருந்தாள் முத்தாயி. ஆயா உடுப்பைக்கூட இன்னும் மாற்றவில்லை. கடைக்கு மேலே இருந்த அறையில் அவள் வாடகைக்கு இருந்தாள். புருஷன் போன பிறகு அவளுக்கு இருந்த ஒரே கூரை அது.

"மூடிட்டுத்தான் போனேன் முதலாளி."

"நேத்து சாயங்காலம் மேலேர்ந்து கொட்டினப்ப, என்கிட்ட இருக்கிற சாவியப் போட்டுத் திறந்தவன் நான். என் கண்ணால பார்த்தேன். டேப்பு ஆன்னு திறந்து கெடந்துச்சு."

அந்த வருஷம் ஊரெல்லாம் தண்ணீர்ப் பங்கீடு. பகலில் டேப்பில் காற்றுதான் வரும். பொழுது சாய்ந்தால்தான் தண்ணீர். வருகிற சத்தம் காதில் விழட்டும் என்று டேப்பைத் திறந்துவைத்து, அடியில் காலி பிஸ்கட் டின்னை வைப்பது அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு பழக்கம். ஆகவே மருதப்பன் சொன்னதை நம்ப யாருக்கும் சிரமமாக இல்லை. தப்பை ஒத்துக்கொண்டு அவர் காலில் விழச் சொன்னார்கள் சிலர். எதிர்க்கடைப் பூவம்மாவும், "வாய் குடுக்காத லா, அவருக்கு ஏற்கெனவே வயிறு எரியுது" என்றாள்.

முத்தாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டின்னு வைக்கிறவங்க வீட்டுல இருக்கிறவங்க. நான் சாயங்காலம் ஆஸ்பத்திரியில நிக்கிறேன். தண்ணி வர்ற சத்தத்தைக் கேட்க இங்க யாரு இருக்கா, பல்லியா?"

கூட்டத்தில் ஒருவர் சிரித்துவிட்டார். மருதப்பனின் முகம் இன்னும் சிவந்தது.

அவருக்கு அந்த அறையை மேல்மாடிக் கிடங்காக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. ஆனால் வாடகைச் சட்டம், பழைய குடித்தனக்காரர்மேல் கைவைக்க விடவில்லை. வீட்டுக்குச் சேதம் செய்தார்கள் என்று நிரூபித்தால் ஒருவேளை முடியும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். நிரூபிக்க நேற்று வழி பிறந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் இன்சூரன்ஸ் கம்பெனியின் இன்ஸ்பெக்டர் அப்துல் அலீம் வந்து சேர்ந்தார். காலையிலேயே போன் போட்டு வரவழைத்திருந்தார் மருதப்பன். வீட்டுக்கும் சரக்குக்கும் பாலிசி இருந்தது. தண்ணீர் புகுந்தாலும் கம்பெனி கொடுக்கும் என்று ஏஜெண்ட் சொன்னது அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

மருதப்பனின் குரலில் தேன் வடிந்தது. இன்ஸ்பெக்டரை மாடிக்கு அழைத்துப் போனார். முத்தாயியும் பின்னாலேயே ஏறினாள். அக்கம்பக்கத்தார் படிக்கட்டில் நெருக்கியடித்து நின்றார்கள்.

அலீம் ஊறிப்போன பலகைத் தரையைப் பார்த்தார். சுவரோரம் குனிந்து, டேப்புக்கு வரும் பைப்பின் இணைப்பைத் தடவினார். விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"பைப் புதுசா இருக்கே?"

"வீட்டை நல்லா வச்சிருக்கேன் சார். பழசையெல்லாம் எப்பவோ மாத்தியாச்சு."

முத்தாயி நெற்றியைச் சுருக்கி அந்தப் பைப்பையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவளை, "நீ சும்மா இரு" என்று அடக்கினார் மருதப்பன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க," என்றார் அலீம். "தண்ணி டேப்புலேர்ந்து வந்துச்சா, பைப் வெடிச்சு வந்துச்சா?"

"டேப்புதான் சார். கோர்ட்டுல கேட்டாலும் இதையேதான் சொல்வேன். இந்தப் பொம்பளையோட அலட்சியம்னு எழுதிக்குங்க."

"என்னை விரட்டணும்னா நேரா விரட்டுங்க," என்றாள் முத்தாயி, கையை நீட்டி. "இந்தக் கையால மூடின டேப்பைத் திறந்துதான் கெடந்துச்சுன்னு ஊர் முன்னாடி சொல்லாதீங்க."

"எழுதுங்க சார்," என்றார் மருதப்பன், அவள் பக்கம் திரும்பாமலே.

அலீம் எழுதி முடித்துப் பேனாவை மூடினார்.

"அப்ப கம்பெனி ஒரு புடவைக்குக்கூடப் பணம் தராது. பைப் வெடிச்சாக் கொடுப்போம். குடியிருக்கிறவங்க டேப்பைத் திறந்து போட்டதுக்கு உங்க பாலிசியில இடமில்ல."

மருதப்பனின் பார்வை ஜன்னல் வழியாகக் கீழே இறங்கி, ஈரக் குவியலில் நின்றது. கடன் சொல்லி எடுத்துவந்த சரக்கு அது.

"சார்..." அவர் குரல் அடங்கிப்போயிருந்தது. "பைப்புதான் சார் வெடிச்சுது."



"இன்னொரு தரம் சொல்லுங்க முதலாளி," என்றாள் முத்தாயி. "கீழ தெருவுல நிக்கிறவங்களுக்கும் கேட்கட்டும்."

அலீம் பேனாவை மறுபடியும் திறந்தார்.

"அப்படின்னா வெடிச்ச பைப்பைக் காட்டுங்க. மாத்தி எழுதிடுறேன்."

மருதப்பன் சுவரோரத்துப் புதுப் பைப்பைப் பார்த்தார். பழியை டேப்பின்மேல் போடுவதற்காக, ராத்திரியோடு ராத்திரியாக ஆள் வைத்து அறுத்தெடுத்த அந்த வெடித்த பைப்பை, விடியுமுன் ரோச்சோர் கால்வாயில் வீசிவிட்டு வந்தவர் அவரேதான்.