காகிதம் இல்லாத வியாதி

"என் பையனுக்கு வலிப்பு உண்டு சார். அவனைப் பட்டாளத்துக்கு எடுக்காதீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று காலையிலிருந்து இப்படி வந்த நாலாவது அம்மா அவள். பையனுக்குப் பதினெட்டு முடிந்தால் எல்லா வீட்டுக்கும் கட்டாயப் படைச் சேவைக்கு அழைப்பாணை போகிறது. போன மறுநாளே பிள்ளைகளுக்கு இல்லாத வியாதியெல்லாம் வந்துவிடுகிறது!

நான் ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் நர்ஸ். பக்கத்து மேஜையில் தலைமை எழுத்தர். மருத்துவப் படிவங்களைச் சரிபார்ப்பவர். சரியான முசுடு. எதிரே நின்று தும்மினால்கூட விளக்கம் கேட்பார். இந்த அம்மா இன்றைக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று வேடிக்கை பார்த்தேன்.

அவர் படிவத்தைப் புரட்டினார்.

"சின்ன வயசு நோய்னு கேட்ட இடத்துல எல்லாம் 'இல்லை'ன்னு உங்க பையனே எழுதியிருக்கானே?"

"அவனுக்கே தெரியாது சார். வெறும் மயக்கம், சத்து மாத்திரைன்னுதான் சொல்லி வளர்த்தேன்."

"பெத்த பிள்ளைகிட்டயே மறைச்சீங்களா?"

"அப்பா இல்லாத பிள்ளை சார். வலிப்புன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா நாளைக்கு எவன் பொண்ணு கொடுப்பான்? ஒன்பது வயசுல நின்னு போச்சு. இனி வராதுன்னு நம்பி மருந்துச் சீட்டையெல்லாம் நானே கொளுத்திட்டேன்."

"பார்த்த டாக்டர்?"

"போய்ச் சேர்ந்துட்டார். அவர் ஆஸ்பத்திரி இருந்த இடத்துல இப்ப செல்போன் கடை."

யாருக்குக் காது குத்துகிறாள்? சீட்டும் இல்லை, டாக்டரும் இல்லை, வியாதி மட்டும் இருக்கிறதாம்!

"நின்னுதான் போச்சே, அப்புறம் என்ன பயம்?"

"தூக்கம் கெட்டா திரும்ப வரலாம்னு டாக்டர் சொன்னார் சார். பரீட்சைக்குக்கூட அவனைப் பத்து மணிக்கு மேல முழிக்க விட்டதில்லை. நீங்க எல்லையில ராத்திரிக் காவலுக்கு நிறுத்துவீங்க. கையில துப்பாக்கி வேற. அங்க வந்தா யார் சார் அவனைப் பிடிப்பா?"

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றினார். படிவத்தை மூடி வைத்தார்.

"உட்காருங்கம்மா."

நான் வாயைப் பிளந்தேன். பதினோரு வருஷத்தில் அந்த மனுஷன் ஒருத்தரையும் உட்காரச் சொல்லிக் கேட்டதில்லை.

அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். "முதல்ல எப்ப வந்தது? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"ஆறு வயசுல, சலூன்ல சார். பாதித் தலைதான் வெட்டியிருந்தாங்க. திடீர்னு கண்ணு மேலே சொருகிடுச்சு. முடி வெட்டினவர் கத்தரிக்கோலைப் போட்டுட்டு ஓடியே போயிட்டார்."

"எந்தக் கை இழுத்தது?"

"இடது கை."

"எவ்வளவு நேரம்?"

"நூறு எண்ணுற நேரம் இருக்கும்."

"தெளிஞ்சதும்?"

"என்னையே... என்னையே யாருன்னு கேட்டான் சார்."

அதைச் சொல்லும்போது அவள் உடைந்துவிட்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கட்டுக்கதை சொல்ல வந்தவளுக்கு இப்படியா அழுகை வரும்? பாவி, நான்தான் அவளைத் தப்பாக நினைத்துவிட்டேன்.

எழுத்தர் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். என்ன மாத்திரை, என்ன நிறம், ஒரு நாளைக்கு எத்தனை வேளை, எத்தனை வருஷம் என்று பொறுமையாகக் கேட்டுக் கேட்டு இரண்டு பக்கம் எழுதினார்.

"கையெழுத்து எங்க சார் போடணும்?"

"கையெழுத்தெல்லாம் வேண்டாம்மா. காகிதம் இல்லாத வியாதியை மருத்துவக் குழு ஒத்துக்காது. இருந்தாலும் என்னால ஆனதைப் பார்க்கறேன்."

அவள் எழுந்து கும்பிட்டாள். "நீங்க நல்லா இருக்கணும் சார். உங்க பிள்ளைகுட்டிங்க நல்லா இருக்கணும்."

கல்லுக்குள்ளும் ஈரம் இருக்கத்தான் செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்துப் படைக்குத் தேர்வானவர்கள் பட்டியல் வந்தது. அவள் பையன் தேறியிருந்தான். சனிக்கிழமை பயிற்சி முகாமுக்குப் பஸ் ஏற வேண்டும்.

மனசு கேட்காமல் எழுத்தரிடம் போனேன். "அந்தம்மா பையனுக்கு ஒண்ணும் பண்ண முடியலையா சார்?"

"காகிதம் இல்லையே சிஸ்டர். நான் என்ன பண்ணட்டும்?"

அதுவும் சரிதான். அவர் வேறு என்ன செய்வார், பாவம்.

வியாழக்கிழமை அவர் லீவு. பதிவேட்டில் ஏற்றுவதற்காக ஒரு கோப்பு நேராக என் மேஜைக்கு வந்தது. மேலேயே ஒரு டாக்டர் சான்றிதழ், பெரிய ஆஸ்பத்திரி முத்திரையோடு.

'ஆறு வயதில் முதல் வலிப்பு. முடிதிருத்தும் கடையில், பாதி முடி வெட்டியிருந்த நிலையில் ஏற்பட்டது. இடது கை இழுத்தது. தெளிந்தபின் தாயை அடையாளம் தெரியவில்லை.'

கீழே மருத்துவக் குழுவின் சிவப்பு மை: 'படைப் பணியிலிருந்து நிரந்தர விலக்கு.'

அப்பாடா! எங்கே அலைந்தாளோ, யார் காலில் விழுந்தாளோ, எப்படியோ காகிதம் வாங்கிவிட்டாள்! பையன் பஸ் ஏற வேண்டாம். இந்த நல்ல சேதியை நானே அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று ஃபோனைக் கையில் எடுத்தேன். நம்பருக்காக முதல் பக்கத்தைத் திருப்பினேன்.

'தந்தையின் தொழில்' என்ற இடத்தில், எனக்கு நன்றாகப் பழகிய கையெழுத்தில் எழுதியிருந்தது: 'தலைமை எழுத்தர், ஆள்சேர்ப்பு அலுவலகம்.'