ஏழாம் தரத்து அக்கா

மூன்றாவது இரும்புக் கட்டி மேசையிலிருந்து எழும்பியது. நான்காவது அசையவே இல்லை.

அக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதையே முறைத்துப் பார்த்தாள். மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற தம்பி அவளைப் பார்த்தான்.

மந்திர பலத்துக்குத் தரம் போடும் அந்த அலுவலகத்தில் அவன்தான் சோதனையாளர். கையால் தொடாமல் எத்தனை கட்டி தூக்குகிறார்களோ, அத்தனையாவது தரம். அதிகபட்சம் ஏழு. ஏழையும் தூக்கியவள் ஊரிலேயே அக்கா ஒருத்திதான்.

சொந்த அக்காவுக்கே சோதனையா என்று யாரும் கேட்கவில்லை. சொந்தம் பார்த்தால் பாதி ஊருக்குத் தரமே கிடைக்காது.

அவளுக்குத் தீயணைப்பு நிலையத்தில் வேலை. எரிகிற வீட்டின் கூரையை, உள்ளே இருப்பவர்கள் வெளியே வரும்வரை வாசலில் நின்று பார்வையாலேயே தாங்கிப் பிடிப்பாள். பிறகு தலைமுடியில் ஒட்டிய சாம்பலைத் தட்டிவிட்டு, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்பாள். இதை அவன் சொல்லிச் சொல்லி அலுவலகத்தில் எல்லோருக்கும் காது புளித்துவிட்டது.

அப்படிப்பட்டவள் சில மாதங்களாகக் கூரைப் பக்கமே போகவில்லை. வண்டி ஓட்டுகிறேன் என்று ஒதுங்கிக்கொண்டாள். போன வாரப் பயிற்சியில் ஒரு மர அலமாரியைத் தூக்கத் திணறினாளாம். அதனால்தான் இந்த மறுசோதனை. ஐந்தாம் தரத்துக்குக் கீழே இறங்கினால் வேலை போய்விடும்.

மந்திர பலத்துக்கு ஒரு குணம் உண்டு. பிறக்கும்போது எவ்வளவோ அவ்வளவுதான். வளராது, வயதாலோ நோயாலோ தேயவும் செய்யாது. ஆனால் ஒன்றைத் தாங்கிக்கொண்டிருக்கும் பலம் இன்னொன்றுக்கு உதவாது. தாங்கப்படுவது ஊர்க்கோடியில் இருந்தாலும் சரி, தாங்குகிறவர் தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி.

ஆகவே சோதனைக்கு முன்னால், வேறு எதையாவது தாங்கிக்கொண்டிருக்கிறீர்களா என்று கேட்பது வழக்கம். அவனும் முறைப்படி, மரியாதையாக, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு கேட்டான். இல்லீங்க சார் என்று அவள் சிரித்தாள்.

இப்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நெற்றி நரம்பு புடைத்தது.

நான்காவது கட்டி எழும்பியது. விடுவாளா என் அக்கா என்று அவனுக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். ஐந்தாவதும் மேசையை விட்டு ஒரு விரல் உயரம் கிளம்பியது.

அவனுடைய கால்கள் மடங்கின.

சட்டென்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது.

மறுநொடி இரண்டு கட்டிகள் தடாலென்று விழுந்தன. கால்கள் பழையபடி அவனைத் தாங்கின. அக்கா அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வருஷத் தொடக்கத்தில் லாரி மோதி அவனுக்கு முதுகெலும்பு நொறுங்கியிருந்தது. இனி நடக்கவே முடியாது என்று மருத்துவர்கள் கையை விரித்துவிட்டார்கள். அவன் நடந்தான். எல்லாம் மன உறுதி என்று போகிற இடமெல்லாம் மார்தட்டிக்கொண்டான். அதற்கு எல்லோரையும்விட உரக்கக் கைதட்டியவள் அக்காதான்.

அவன் மாடிப்படி ஏறியது, பேருந்தைப் பிடிக்க ஓடியது, அக்கா மகளின் பிறந்தநாளில் வெட்கமில்லாமல் ஆடியது, எல்லாம் அவள். ராத்திரியில் அவன் புரண்டு படுத்ததுகூட அவள்தான். இப்படியும் ஒருத்தி இருப்பாளா!

நாற்காலியை இழுத்துப் போட்டு அழுத்தமாக உட்கார்ந்தான்.

"என்னை விட்டுடுக்கா. மொத்தத்தையும் தூக்கிக் காட்டு."

அவள் அருகில் வந்து, கலைந்திருந்த அவன் சட்டைக் காலரைச் சரி செய்தாள்.

"வேலை போனாப் போகுது. எந்திரிடா, வெளிய எத்தனை பேர் நிக்கிறாங்க பாரு."

அவன் எழ மறுத்தான். கால்கள் எழுந்து நின்றன.