பேர் எடுக்கும் வேலை

“செத்துப்போனவர் பேரையே எடுக்கச் சொல்றான்க்கா.”

மடிக்கணினியை அக்கா பக்கம் திருப்பினார் தம்பி. தையல் மெஷினை நிறுத்தாமலேயே, யார் பேரை, எதிலிருந்து என்று கேட்டாள் அக்கா.

“ஸ்கேனர் டிரைவர்லேர்ந்து.”

டிரைவர் என்றால் வண்டி ஓட்டுகிறவர் என்று பத்து வருடம் நினைத்துக்கொண்டிருந்தவள் அக்கா. இப்போது தெரியும். கணினியின் அடிமடியில் கெர்னல் என்று ஒன்று. ஸ்கேனர், பிரிண்டர் எல்லாம் அதன் பேச்சைக் கேட்க வைக்கிற நிரல்தான் டிரைவர். அதில் ஸ்கேனர் பகுதிக்குத் தம்பி காவல். உலகத்தில் யார் திருத்தி அனுப்பினாலும் அவர் சரி என்றால்தான் உள்ளே போகும்.

இந்தப் புது ஆள் மூன்று மாதமாக ஒரே டிரைவருக்குத் திருத்தம் அனுப்பிக்கொண்டிருந்தான். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டே எழுத்து. ஒரு நாள் தேவையில்லாத இடைவெளி, ஒரு நாள் எழுத்துப்பிழை, ஒரு நாள் யாருக்கும் பயன்படாத வரி. முதல் இரண்டும் தப்பும் தவறுமாக வந்தன. தம்பி திருப்பியனுப்ப, மறுபடி எழுதிக் கற்றுக்கொண்டான்.

“நீ தைச்ச பிறகு பிசிறு வெட்டறியே, அது மாதிரிதான்க்கா. நானும் நல்லதுதானேன்னு வாங்கிப் போட்டேன். இன்னிக்குப் பிசிறுன்னு சொல்லிட்டுப் பட்டனையே வெட்டறான்.”

டிரைவரின் தலையில் ஒரு வரி. எழுதியவர் பெயரும், பக்கத்தில் அவர் மின்னஞ்சல் முகவரியும். பதினைந்து வருடம் தம்பியோடு கடிதத்திலேயே சண்டை போட்டு, கடிதத்திலேயே சமாதானமான சிநேகிதர். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. நான்கு வருடத்துக்கு முன் அவர் இறந்த செய்தியும் கடிதமாகத்தான் வந்தது. அந்த வரியைத்தான் இப்போது நீக்கச் சொல்கிறான். காரணம் என்று ஒரே வாக்கியம்: ‘இந்த முகவரியில் பதில் சொல்ல அவர் இல்லை.’

“அது நிஜந்தானேடா” என்றாள் அக்கா, நூலைப் பல்லால் கடித்தபடி.

“நிஜம்னா எடுத்துடறதா? அந்த மனுஷன் ஸ்கேனரைப் பிரிச்சுப் போட்டு, கம்பெனிக்காரன் சொல்லாததையெல்லாம் ஒண்ணொண்ணா கண்டுபிடிச்சு எழுதினதுக்கா, ஆறாயிரம் வரி. அதுல அவருக்குன்னு இருக்கிறது ஒரே ஒரு வரி. அடுத்தவர் பேரை எடுத்துட்டு இவன் பேர் எடுக்கப் பாக்கறான்.”

கோபத்திலும் சிலேடைக்குக் குறைச்சலில்லை என்று சிரித்த அக்கா, தம்பி விரல்கள் தட்டத் தொடங்கியதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

“காய்ஞ்ச இஸ்திரிப் பெட்டியைப் பட்டு மேல வைக்காதடா. ஆறட்டும், அப்புறம் எழுது.”

கேட்டால்தானே. செத்தவர் எழுந்து வந்து கேட்கமாட்டார் என்ற துணிச்சலா என்று ஆரம்பித்து, எண்ணிக்கை காட்டிப் பேர் வாங்கத் திருத்தம் அனுப்புகிறவர்களையெல்லாம் ஒரு பிடி பிடித்து, ‘அவர் பெயரை நீக்க உங்களுக்கு என்ன உரிமை? அவருக்கு நீங்கள் யார்?’ என்று முடித்தார். அனுப்பியதும், டிரைவரில் முகவரி உள்ள எல்லோருக்கும் வழக்கம்போல் தானாக நகல் போயிற்று. ஒரு காற்புள்ளியைத் திருத்தினாலும் அப்படித்தான் போகும். அதை யார் கவனிக்கிறார்கள்.

அக்கா ஒரு காலரைத் தைத்து முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. தம்பி அதைப் படித்தார். மடிக்கணினியை மெல்ல அக்கா பக்கம் நகர்த்தினார். அவள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தாள்.

‘பெயரோடு சேர்த்து எடுத்தது என் தவறு ஐயா. பெயர் இருக்கட்டும், முகவரியை மட்டும் எடுத்துவிடுங்கள். அதற்காகத்தான் மற்றதையெல்லாம் கற்றுக்கொண்டேன். என் கணவரின் மின்னஞ்சல் பெட்டியை மூட மனம் வரவில்லை; நான்கு வருடமாக, விவரம் தெரியாமல் அவருக்கு எழுதும் ஒவ்வொருவருக்கும் “அவர் இப்போது இல்லை” என்று நான்தான் பதில் எழுதுகிறேன். இன்று அதில் வந்து விழுந்தது, அவருக்கு நான் யார் என்று கேட்கும் உங்கள் கடிதம்.’