விரியும் கையுறை

எம்மெட் எறிந்த இந்தப் பந்தும் கூரை வலையில் போய் மோதியது.

அடித்த டிக்கோ மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிரித்தான். “யோவ், விருந்தாளி மாதிரி சொல்லிட்டுல்ல வருது உன் பந்து!”

வெளியே விஸ்கான்சினின் டிசம்பர். பயிற்சிக் கிடங்கின் தகரக் கூரைமேல் பனி. பயிற்சியாளர் லைல் பிராண்ட்வோல்ட் மட்டும் சிரிக்கவில்லை.

பேஸ்பாலில் ஆட்டத்துக்கு ஒருவராக முறைவைத்துத் தொடங்க, பந்தெறியும் பிட்சர்கள் ஐந்து பேர் வேண்டும். ஒருவன் இன்று எறிந்தால் அவன் தோள் ஆற நான்கு நாளாகும். அதற்குள் மற்ற நால்வரும் முறைவைத்து எறிவார்கள். சக்கரத்தின் ஆரக்கால்கள்போல, ஒன்று ஒடிந்தாலும் அணி தள்ளாடும்.

போன பருவத்தில் மூன்று ஒடிந்தன. இரண்டுக்கு லைல் ஆள் பிடித்துவிட்டார். மூன்றாவது எம்மெட்.

இடக்கைக்காரன், முப்பத்து மூன்று வயது. இன்னொரு பருவம் இப்படி அடி வாங்கினால் அவனை எந்த அணியும் சீந்தாது.

பழைய ஆட்டங்களின் ஒளிப்பதிவை முந்தாநாள் ஓட்டிப் பார்த்தபோதுதான் லைலுக்குக் காரணம் பிடிபட்டது. எறியுமுன் பிட்சர் பந்தை மறுகையின் கையுறைக்குள் மறைத்துத்தான் பற்றுவான். வேகப்பந்துக்கு இரண்டு விரல் போதும். மெதுவான பந்தை உள்ளங்கையில் ஆழமாக வைத்து எல்லா விரல்களாலும் பற்ற வேண்டும். அந்தப் பிடிக்கு மாறும்போது எம்மெட்டின் கையுறை ஒரு மயிரிழை விரிகிறது.

எதிரணிக்காரர்கள் பந்தைப் பார்க்கவே இல்லை. வருவது வேகமா மெதுவா என்று கையுறையைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

“உன் கையில கோளாறு இல்லடா,” என்றார் லைல் எம்மெட்டிடம். “ எடுத்த எடுப்புலயே மெதுப்பந்துப் பிடியைப் போட்டுக்க. கையுறை எப்பவும் விரிஞ்சே இருக்கட்டும். வேகமா எறியணும்னா உள்ளுக்குள்ள விரலக் குறுக்கு. அது வெளிய தெரியாது.”

பல ஆண்டுப் பழக்கம் லேசில் விடவில்லை. ஒரு பந்து தரையில் குத்தியது. அடுத்தது டிக்கோவின் தலைக்குமேல் பறந்தது.

“மறுபடி,” என்றார் லைல்.

சாப்பாட்டு நேரம் கடந்தது. எம்மெட்டின் சட்டை முதுகோடு ஒட்டியது. “மறுபடி.”

பிறகு கையுறை அசையாமல் நின்றது. டிக்கோ முழு வேகத்தில் மட்டையைச் சுழற்றி, நிலைதடுமாறி மண்டியிட்டான். அவன் சுழற்றி முடித்த பிறகுதான் பந்து வந்து சேர்ந்தது.

“அடப்பாவி! என்ன வருதுன்னே தெரியலயே!”

எம்மெட் சத்தமாகச் சிரித்தான். “ஏப்ரல்ல ஆட்டம் தொடங்கட்டும், பாருங்க, கோச்,” என்று சொல்லிவிட்டு, தோளுக்கு ஐஸ் கட்ட உள்ளறைக்குப் போனான்.

டிக்கோ பந்துகளைப் பொறுக்கினான். “அப்ப அஞ்சு பேரும் ஆச்சு.”

“போன வாரமே ஆச்சு,” என்ற லைல் விஷயத்தை அவனிடம் சொன்னார்.

ஒஹாயோ அணி ஓர் இளம் பிட்சரைத் தருகிறது. ஈடாக எம்மெட் அங்கே போகிறான். அந்தப் பேரத்தைப் பேசி முடித்தவரே லைல்தான். கையுறை கண்ணில் பட்டபோது ஒப்பந்தம் ஏற்கெனவே கையெழுத்தாகியிருந்தது.

செய்தியை முதலில் சொல்லியிருந்தால், இன்று வேறெதுவும் அவன் காதில் ஏறியிருக்காது.

“மே மாசம் ஒஹாயோவோட ஆட்டம் இருக்கே, அவனுக்கு எதிரா நான்ல நிக்கணும்!” என்றான் டிக்கோ.

உள்ளறையில் எம்மெட் சீட்டியடிப்பது கேட்டது. லைல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அங்கே நடந்தார்.