கேக்குக்கு ஒரு போட்டோ

விமான நிலைய ஓய்வறையின் கண்ணாடிச் சுவர் வழியே காலை வெயில் உணவு மேசைமேல் சாய்ந்து விழுகிறது. இடுக்கியால் வெள்ளரித் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருக்கும் பணிப்பெண்ணின் ஓரக்கண் மூலை நாற்காலியில் இருக்கும் மருந்துக் கம்பெனிக்காரர் மேலேயே இருக்கிறது. திங்கள்கிழமை தவறாமல் வருகிறவர். வந்ததும் வெள்ளரி, பப்பாளி, அவித்த முட்டை என்று ஒரு தட்டை நிரப்பி, போட்டோ பிடித்து வீட்டுக்கு அனுப்புவார். அனுப்பிய கையோடு அதைத் தள்ளிவைத்துவிட்டு சாக்லேட் கேக்கை ஒரு கை பார்ப்பார். இன்று எல்லாம் தலைகீழாக இருக்கிறது. மூன்று துண்டு கேக்கை எடுத்துவந்து, கிரீம் பளிச்சென்று தெரியும்படி தட்டைத் திருப்பித் திருப்பிப் படம் பிடித்து அனுப்புகிறார். பிறகு அதைத் தொடாமல் வெள்ளரியை நறுக் நறுக்கென்று மெல்கிறார். கண் போனைவிட்டு நகரவில்லை. இவளுக்கானால் மண்டை குடைகிறது. துடைத்த மேசையையே மறுபடி துடைக்கிற சாக்கில் அருகே போய் நிற்கிறாள். "கேக் நல்லா இல்லையா சார்?" "கேக்குக்கு என்னம்மா குறை? வீட்டுக்காரி மூணு நாளா எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. சர்க்கரை வியாதிக்காரன் இதத் தின்னா சும்மா இருப்பாளா, பாக்கலாம்." சொல்லி வாய் மூடவில்லை, மேசைமேல் போன் அதிர்கிறது, பக்கத்தில் கிடந்த முள்கரண்டியும் சேர்ந்து கிணுகிணுக்கிறது. "உங்களுக்கு அறிவிருக்கா? மொதல்ல அந்தத் தட்டக் கீழ வைங்க!" போனை எடுத்ததும் இரண்டு மேசை தள்ளியும் கேட்கிறது மனைவியின் குரல். அவர் முகம் மலர்கிறது. அவசரமாக வெள்ளரியை விழுங்கிவிட்டு, வாய் நிறையக் கேக் இருப்பதுபோல் குழறுகிறார்: "இன்னும் ஒரே ஒரு துண்டும்மா."